கிளி செய்யாதீர்கள்

(நாகர்கோவிலில் ஒரு கைவினைப் பயிற்சியின் தொடக்கத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இன்று வீணாகக் கிடக்கும் பொருள்களைக் கொண்டு அரூபக் கலை, அதாவது எந்த உருவத்தையும் காட்டாத கலை, செய்யப் போகிறோம். முதலிலேயே ஒரு வேண்டுகோள். யாரும் கிளி செய்ய வேண்டாம். மயில், பூச்சாடி, பென்சில் டப்பா, அதுவும் வேண்டாம்.

பள்ளிக்கூடக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். தேங்காய்ச் சிரட்டைக்குத் தங்க நிற ஸ்பிரே அடித்து, இரண்டு கண் ஒட்டினால் ஆந்தை. அந்தச் சிரட்டையின் பழுப்பு எங்கே? நார் உரிந்த கோடுகள் எங்கே? சும்மா கிடைத்த அழகைக் காசு கொடுத்து வாங்கிய பெயின்டால் மூடிவிட்டோம். அரூபக் கலையில் வேலை நேர்மாறு. பொருள் வேறொன்றாக வேஷம் போட வேண்டாம். அதன் நிறம், தேய்மானம், மடிப்பு, இவையே போதும்.

இது புதிதல்ல. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919 வாக்கில், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட், பழைய செய்தித்தாள், மரத்துண்டு, கம்பி என்று கண்டதையும் ஒட்டிப் படம் செய்தார். அமெரிக்காவில் லூயிஸ் நெவல்சன் உடைந்த நாற்காலிக் கால்களையும் மரச்சட்டங்களையும் பெட்டி பெட்டியாக அடுக்கி, மொத்தத்துக்கும் ஒரே கறுப்பு அடித்தார். பெயின்ட் வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். அவர் அடித்தது மறைக்க அல்ல. நிறம் போனதும் நிழலும் வடிவமும் தனியாகத் தெரிந்தன.

எனக்கு மிகவும் பிடித்தவர் எல் அனட்சுய். கானாவில் பிறந்து நைஜீரியாவில் வேலை செய்தவர். மதுப்புட்டி மூடிகளைத் தட்டையாக்கி, முறுக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்தார். சுவரளவு பெரிய உலோகத் துணி! மாட்டும் ஒவ்வொரு இடத்திலும் அதன் மடிப்பு மாறும். இப்படித்தான் தொங்க வேண்டும் என்று அவரும் அடம்பிடிப்பதில்லை.

நம் ஊருக்கு வருவோம். முட்டம், குளச்சல் கடற்கரைப் பக்கம் கிழிந்த வலைத்துண்டு, வெயிலில் வெளுத்த ரப்பர் செருப்பு. தோட்டத்தில் தென்னை மட்டையடியின் சல்லடை போன்ற கோஞ்சாட்டை, காய்ந்த பாளை உறையான கொதும்பு. அடுக்களையில் நசுங்கிய அலுமினியத் தட்டு. வீண் பொருளும் அழகாகும் என்பதற்கு ஒரு சாட்சி: பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையில் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருப்பதாகச் சொல்வார்கள். முகம் தெரியும் அந்தப் பளபளப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செய்முறை எளிது. முதலில் பொருள்வாரியாக இல்லாமல் நிறவாரியாகப் பிரியுங்கள். பலகையில் பரப்பிப் பசை இல்லாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். அதிக நேரம் இதற்குத்தான் ஆக வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். பலகையைத் தலைகீழாகத் திருப்புங்கள். எங்காவது முகமோ பூவோ தெரிந்தால் உடனே கலைத்துவிடுங்கள்.

இது என்ன படம் என்று வீட்டில் கேட்பார்கள். நம் பாட்டிமார் சாய ஓலை கலந்து கட்டம் கட்டமாகப் பெட்டி முடைந்தார்களே, அப்போது யார் கேட்டார்கள்?

அப்புறம், ஈரக்காற்றில் வெள்ளைப் பசை இளகும். கனமான பொருளைத் துளையிட்டுத் தங்கூசியால், அதாவது மீன்பிடி நைலான் நரம்பால், கட்டுங்கள். கடலோர வீட்டில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அந்தத் துரு நிறம் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால் வார்னிஷ் அடியுங்கள். டியூப்லைட்டும் பேட்டரியும் கண்டிப்பாக வேண்டாம், உள்ளே இருப்பது விஷம்.

சரி, கையுறை அந்த மேசையில் இருக்கிறது. தகரம் வெட்டுகிறவர்கள் முதலில் வாருங்கள்.