ஈழத்தலரி: குப்பிக்குள் ஒரு மரம்

நேயர்களுக்கு வணக்கம். வாசனைக் கலவை செய்வது என் தொழில். இன்றைக்கு ஒரே ஒரு மரத்துப் பூவைப் பற்றிப் பேசப் போகிறேன். ஈழத்தலரி, பிராஞ்சிபானி, பிளுமேரியா என்றும் சொல்கிறோமே, அதுதான்.

இந்தப் பூவைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஐந்து இதழ்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, காற்றாடி போலச் சுழன்று நிற்கும். மெழுகு தடவியது போன்ற வழவழப்பு, கொஞ்சம் சதைப்பற்று. கிளையிலிருந்து கிள்ளினால் பால் வடியும். பகலில் முகர்ந்தால் இளம் இனிப்பும் ஒரு பச்சை வாடையும் மட்டும் வரும். அதே பூவை இருட்டிய பிறகு முகர்ந்தால், கிட்டப் போகும் முன்பே மணம் நம்மிடம் வந்துவிடும்.

இருட்டில் மணப்பதற்குக் காரணம் உண்டு. இதன் மகரந்தத்தைச் சுமப்பது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி. ஆனால் பூவில் தேன் இல்லை, ஒரு துளிகூட இல்லை. பூச்சி மணத்தை நம்பி வரும், ஒடுங்கிய குழாய்க்குள் நாக்கை நீட்டும், ஏமாந்து அடுத்த பூவுக்குப் போகும். அந்தத் தேடலிலேயே மகரந்தம் இடம் மாறிவிடும். இந்த மரம் பூச்சிக்குத் தருவதெல்லாம் மணம் மட்டும்தான். அதனால்தான் இந்தப் பூ என்னை விடாமல் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

சரி, அதைக் குப்பிக்குள் கொண்டுவருவது எப்படி? நீராவியில் வடித்தால் இந்த மணம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுக்கலாம், எடுக்கவும் செய்கிறார்கள். மலையாகப் பூ குவித்தால் சிமிழளவு கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். எனவே 'பிராஞ்சிபானி' என்று எழுதியிருக்கும் குப்பிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது என்னைப் போன்றவர்கள் மேசையில் கட்டிய மணம்.

"அப்படியானால் போலி" என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. இந்தப் பெயரின் கதையையே பாருங்கள். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பிராஞ்சிபானி என்ற பிரபுக் குடும்பத்தின் பெயரில் ஒரு வாசனை இருந்தது, அதைக் கையுறைகளுக்கு ஏற்றுவார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு அமெரிக்க வெப்பநாடுகளின் இந்த மரத்தைக் கண்ட ஐரோப்பியர்கள், அந்தக் கையுறை வாசனை போலவே இருக்கிறதே என்று பூவுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்களாம். மனிதன் கலந்த வாசனை முந்தியது. பூவின் பெயர் பிந்தியது.

இப்போது நாங்கள் பூவைக் கேட்டு எழுதுகிறோம். கிளையில் இருக்கும் பூவைப் பறிக்காமல், ஒரு கண்ணாடிக் குமிழால் மூடி, உள்ளே நிற்கும் காற்றைச் சிறிய வடிகட்டி வழியாக இழுத்து, அதில் ஒட்டியதைப் பகுப்பாய்வுக் கருவிக்குக் கொடுப்போம். 'ஹெட்ஸ்பேஸ்' என்பது இதன் பெயர். கிவோடன் என்ற வாசனைப் பொருள் நிறுவனத்தின் சுவிஸ் வேதியியலாளர் ரோமன் கைசர் இம்முறையில் ஆர்க்கிட் மலர்களையும் மழைக்காட்டின் உச்சிக் கிளைகளையும் படித்தவர். பறிக்காமல் எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: பறித்த கணத்திலிருந்தே பூவின் மணம் மாறத் தொடங்கிவிடும்.

ஈழத்தலரியில் லினலூல், ஜெரனியால், ரோஜாவிலும் இருக்கிற பீனைல் எத்தில் ஆல்கஹால், பென்சைல் சாலிசிலேட் என்ற மணப்பொருள்கள் எல்லாம் வரும். இவற்றை ஆலையிலும் செய்யலாம். மூலக்கூறு அதேதான். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: லினலூலுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவங்கள், செடிகள் பெரும்பாலும் ஒன்றைக் கூடுதலாகச் செய்யும், ஆலையில் இரண்டும் பாதிப்பாதியாக வரும். இரண்டின் மணமும் சற்று வேறு. அந்த வேறுபாட்டை மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஆனால் பட்டியலை அப்படியே கலந்தால் பூ வராது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். காகிதப் பட்டையைத் தோய்த்து முகர்ந்தபோது மணம் சரியாக இருந்தது, இதழின் தடிப்பு இல்லை. அதற்கு 'ஆல்டிஹைடு சி-14' சேர்ப்பார்கள். பெயர் அப்படி, பொருள் உண்மையில் ஆல்டிஹைடு இல்லை, லாக்டோன் என்ற வேறொரு வேதிவகை. பீச் பழத் தோலின் மணம். 1908இல் கண்டுபிடித்தது, 1919இல் பிரெஞ்சு நிறுவனமான கெர்லானின் 'மிட்சூகோ' வாசனைத் திரவியத்தில் புகழ்பெற்றது. தேங்காய் மணத்துக்கு 'சி-18', அதுவும் லாக்டோன்தான். இரண்டையும் அளந்து விட்டால் இதழுக்குச் சதை ஏறும். அளவு மீறினால் வெயில் கிரீம் வாசனை. கடைக்கு வருகிற பல பிராஞ்சிபானிக் கலவைகள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன. மலிவுக்காகப் பூவைக் குறைத்துத் தேங்காயை ஏற்றிவிடுகிறார்கள். ஒன்றைப் போலி என்று சொல்வதானால் நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஒவ்வாமை. பென்சைல் சாலிசிலேட், லினலூல், ஜெரனியால் மூன்றும் லேபிளில் பெயர் சொல்லியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் முதலில் அறிவித்த 26 பொருள்களில் உண்டு. அது பூவிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் சட்டம் ஒன்றே, தோலுக்கும் ஒன்றே. இயற்கை என்ற ஒரு சொல்லை நம்பிப் பூசிக்கொள்ளாதீர்கள்.

பென்சைல் சாலிசிலேட் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தனியாக முகர்ந்தால் பலருக்கு அதில் மணமே தெரியாது. என்னோடு வேலை செய்யும் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் சொல்லாமல் அதை மட்டும் விட்டுவிட்டுக் கலந்து, பட்டையை அவரிடம் நீட்டினேன். இரண்டு முறை முகர்ந்துவிட்டு, "பூ இளைச்சுப் போச்சே, என்ன எடுத்தீங்க?" என்று கேட்டார்.

இன்னும் எனக்குக் கைவராதது, விடிகாலையில் மரத்தடியில் கிடக்கும் பூ. ஓரம் பழுப்பேறி, மேலே பனி, இனிப்புக்கு அடியில் ஈரமண்ணும் கசப்பும் கலந்த ஒரு வாடை. அதற்காகப் பதினோரு கலவைகள் செய்துவிட்டேன். பன்னிரண்டாவது பட்டை இப்போது என் மேசையில் காய்ந்துகொண்டிருக்கிறது; போய்த்தான் முகர்ந்து பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.