சிவப்பு உடையில் ஒரு சிறுவன்: ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ்

அவைக்கு வணக்கம். நூலகர்களும் ஆசிரியர்களும் நிறைந்திருக்கும் அரங்கில், குழந்தைகளுக்காகப் படம் வரைந்து வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டையொட்டி, தொடங்கிய நாள்முதல் மிக அதிகமாக இரவல் போன புத்தகங்கள் எவை என்று கணக்கெடுத்து 2020-இல் பட்டியல் வெளியிட்டது. அதில் முதலிடம் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்த ‘தி ஸ்னோயி டே’ என்ற சித்திரப் புத்தகத்துக்கு. 4,85,583 முறை இரவல் போயிருக்கிறது. சின்னஞ்சிறு நூல், ஐந்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். பனி பெய்த காலையில் பீட்டர் என்ற சிறுவன் எழுந்து வெளியே போகிறான், விளையாடுகிறான், வீடு திரும்புகிறான். கதை அவ்வளவே. அந்த நூல் 1962-இல் வெளிவந்தபோது கீட்ஸுக்கு வயது 46. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் கிடக்கும் நாற்பத்தாறு ஆண்டுகளைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

1916 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள். இயற்பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். வீட்டில் வறுமை. படம் வரையத் தாள் இல்லாத ஒரு நாளில் சிறுவன் சமையலறை மேசையின் மேற்பரப்பு முழுவதும் வரைந்து வைத்துவிட்டான். அடி விழும் என்று நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் தாய், இதைக் கழுவித் துடைப்பது பாவம் என்று சொல்லி, விரிப்பை எடுத்து மேசையை மூடினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வரும்போதெல்லாம் விரிப்பை விலக்கி மகனின் படத்தைக் காட்டுவாராம்.

தந்தை பெஞ்சமின் உணவகப் பரிமாறுநர். ஓவியர்கள் நிறைந்த கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் வேலை. ஓவியம் சோறு போடாது என்று மகனைக் கண்டித்துக்கொண்டே இருந்தவர். ஆனால் அவ்வப்போது சாயக் குழாய் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். “பட்டினி கிடந்த ஓவியன் ஒருவன் ஒரு கிண்ணம் சூப்புக்கு ஈடாகக் கொடுத்துவிட்டுப் போனான், ஓவியர் பிழைப்பு எப்படி இருக்கிறது பார்” என்பார். உண்மையில் தம் சொற்ப வருமானத்தில் காசு கொடுத்து வாங்கி வந்த சாயம் அது. கண்டிப்பும் கைவிடாமையும் ஒரே மனிதருக்குள் இப்படிக் குடியிருந்திருக்கின்றன.

1935 ஜனவரியில், மகனின் பள்ளிப் பட்டமளிப்புக்கு முந்தைய நாள், தந்தை தெருவில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். உடலை அடையாளம் காட்ட மகனை அழைத்தார்கள். பணப்பையைத் திறந்து பார்த்தால் மடித்து மடித்து நைந்துபோன செய்தித்தாள் துண்டுகள். மகன் ஓவியத்தில் வென்ற பரிசுகளைப் பற்றிய செய்திகள் அவை. வாழ்நாளெல்லாம் வாய்விட்டுப் பாராட்டாத தந்தை, அவற்றைச் சட்டைப் பைக்குள் சுமந்தே நடமாடியிருக்கிறார். இதை நான் எங்கே படித்தாலும் அடுத்த வரிக்கு உடனே போக முடிவதில்லை.

ஓவியக் கல்லூரிகளில் கிடைத்த உதவித்தொகைகளை விட்டுக்கொடுத்துவிட்டு கீட்ஸ் வேலைக்குப் போனார். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசின் வேலைத் திட்டத்தில் சுவரோவியம் வரைந்தார். பிறகு காமிக்ஸ் நிறுவனத்தில் ‘கேப்டன் மார்வெல்’ கதைகளுக்குப் பின்னணி வரைந்தார். உலகப் போரில் ராணுவத்துக்கு உருமறைப்பு வடிவங்கள். போருக்குப் பின் யூதப் பெயரோடு வேலை தேடுவது கடினமாக இருந்ததால் 1947-இல் பெயரை மாற்றிக்கொண்டார். பெயருக்காக ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர். பின்னால் அவர் செய்த காரியத்துக்கு இதுவும் ஒரு வேர் என்று நான் நம்புகிறேன்.

1950-களில் பிறர் எழுதிய குழந்தை நூல்களுக்குப் படம் வரையும் வேலை தொடர்ந்து வந்தது. அவரிடம் வந்த கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றில்கூடக் கறுப்பினக் குழந்தை நாயகனாக இல்லை. தாம் வளர்ந்த தெருக்களில் பார்த்த முகங்கள் புத்தகத்தில் மட்டும் ஏன் காணாமல் போகின்றன என்ற கேள்வி அவரை விடவில்லை. அவர் ஓவியக்கூடத்துச் சுவரில் ஒரு பத்திரிகைத் துண்டு இருந்தது. 1940-இல் ‘லைஃப்’ இதழில் வந்த புகைப்பட வரிசை அது: ஜார்ஜியா மாநிலத்தில் ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தக் காத்திருக்கும் சிறிய கறுப்பினச் சிறுவன், அவன் முகத்தில் மாறி மாறி வரும் பாவங்கள். கீட்ஸ் அதை வெட்டி எடுத்து, ஒட்டுவதும் எடுத்து வைப்பதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தார். சொந்தமாக எழுதி வரைய வாய்ப்பு வந்ததும் அந்தச் சிறுவனைத்தான் கதைக்குள் அழைத்துவந்தார். அவன்தான் பீட்டர்.

இனி அந்தப் படங்களைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். அதுவரை கீட்ஸ் பெரும்பாலும் தூரிகையால் தீட்டியவர். இந்த நூலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வண்ணத்தாளை வெட்டி ஒட்டலாம் என்று தொடங்கினார். ஒரு தாள் இன்னொரு தாளைக் கேட்க, புத்தகம் முழுவதும் ஒட்டுப்படமாகவே வளர்ந்துவிட்டது. பல நாட்டுத் தாள்களைத் தேடிச் சேர்த்தார். அம்மா உடுத்தியிருக்கும் கட்டம்போட்ட ஆடை, அலமாரித் தட்டில் விரிக்கும் மெழுகுசீலையிலிருந்து வெட்டியது. படுக்கை விரிப்புக்கு, ஓவியர்கள் சாயம் தீட்டும் பெல்ஜியக் கித்தான். பனித்துகள்களுக்கு, அழிரப்பரைச் செதுக்கி அச்சாக்கி, சாயத்தில் தோய்த்துத் தாளில் பதித்தார். பீட்டர் தூங்கும் பக்கத்தின் சாம்பல்நிறப் பின்னணி, பல் துலக்கும் பிரஷ்ஷை மையில் நனைத்துத் தெளித்தது. எல்லாம் வீட்டில் கிடக்கும் பொருள்கள். ஒரு பள்ளிக் குழந்தை இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு “நானும் செய்வேன்” என்று கத்தரிக்கோலைத் தேடினால், அந்தக் குழந்தை கீட்ஸைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

வெள்ளைப் பக்கத்தில் சிவப்பு உடையோடு பீட்டர் நடக்கிறான். கால்விரல்களை வெளிப்புறம் திருப்பி வைத்து நடக்கிறான், உட்புறம் திருப்பி வைத்து நடக்கிறான். தடங்கள் பக்கத்தின் குறுக்கே நீள்கின்றன. திடீரென்று அவற்றோடு மூன்றாவதாக ஒரு கோடு. என்னவென்று பக்கத்தைப் புரட்டினால் கையில் ஒரு குச்சி. மரத்தைக் குச்சியால் தட்டுகிறான், கிளையிலிருந்த பனி தலையில் சொத்தென்று விழுகிறது. ஒரு பனி உருண்டையைப் பிடித்து, நாளைக்கு வேண்டும் என்று பையில் போட்டுக்கொள்கிறான். தூங்கும்முன் பையைப் பார்த்தால் உருண்டை இல்லை. பனியையே கண்டிராத நம் ஊர்ப் பிள்ளைக்கும் இந்த ஏமாற்றம் புரியும். அதற்கு விளக்கவுரை தேவையில்லை.

1963-இல், சிறந்த சித்திரப் புத்தகத்துக்கு அமெரிக்க நூலகச் சங்கம் தரும் கால்டெகாட் பதக்கம் இந்நூலுக்குக் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து எதிர்ப்பும் வந்தது. கல்வியாளர் நான்சி லாரிக் 1965-இல் எழுதிய கட்டுரை, 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 குழந்தை நூல்களில் 6.7 விழுக்காட்டில் மட்டுமே ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றார் என்று காட்டியது. நாட்டையே உலுக்கிய கணக்கு அது. அதே கட்டுரையில் கீட்ஸும் தப்பவில்லை. பீட்டர் கறுப்பினச் சிறுவன் என்று நூலின் எழுத்தில் எங்கும் சொல்லவில்லை, அம்மாவின் உருவம் கறுப்பினப் பெண்களைப் பணிப்பெண்ணாகவே காட்டிய பழைய வார்ப்பில் இருக்கிறது என்பன குற்றச்சாட்டுகள்.

இரண்டாவது குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நெடுங்காலம் இழிவாகச் சித்திரிக்கப்பட்டவர்கள் அந்த உருவத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு வரலாறு காரணம் வைத்திருக்கிறது. முதல் குற்றச்சாட்டை மட்டும் நான் ஏற்கவில்லை. சித்திரப் புத்தகத்தில் படமும் கதை சொல்கிறது. கண்ணுக்கு எதிரே நிற்கும் பிள்ளையின் நிறத்தை எழுத்தும் அறிவித்தால், அவன் விளையாட வந்தவன் என்ற நிலை மாறிப் பாடமாகிவிடுவான். பீட்டர் தொடக்கத்திலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டியவன், அதனால் இருக்கிறான். கீட்ஸ் தந்த விளக்கம் இதுதான். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அந்நூலைப் பாராட்டினார். ஓர் ஆசிரியையிடமிருந்து வந்த கடிதத்தைக் கீட்ஸ் பலரிடம் சொல்லியிருக்கிறார்: அவர் வகுப்புப் பிள்ளைகள் தங்களையே வரையும்போது முதன்முறையாகப் பழுப்பு வண்ணக் குச்சியை எடுத்தார்களாம். அதற்குமுன் இளஞ்சிவப்பில் வரைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பீட்டரை அவர் ஒரு நூலோடு விட்டுவிடவில்லை. ‘விசில் ஃபார் வில்லி’யில் நாயை அழைக்க விசிலடிக்கக் கற்கிறான். 1967-இல் வந்த ‘பீட்டர்ஸ் சேர்’ எனக்கு மிகவும் பிடித்தது. தங்கைக்காகத் தன் சாமான்களெல்லாம் நிறம் மாறுவதைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு, மிஞ்சிய சின்ன நாற்காலியோடு வீட்டுக்கு வெளியே போய்விடுகிறான் பீட்டர். உட்காரப் பார்த்தால் இடம் போதவில்லை; வளர்ந்துவிட்டான். திரும்பி வந்து அப்பாவோடு சேர்ந்து அதே நாற்காலிக்குத் தங்கைக்காக வண்ணம் பூசுகிறான். ‘காகிள்ஸ்’ நூலில் தெருவில் பெரிய பையன்கள் மிரட்டுகிறார்கள். சுவர்க் கிறுக்கலும் குப்பைத் தொட்டியும் இடிந்த கட்டடமும் அந்தப் படங்களில் அழகாகவே வருகின்றன. ஏழைத் தெருவையும் அதன் நிறங்களுக்காகப் பார்க்கத் தெரிந்த கண் அது.

தமக்கெனப் பிள்ளைகள் இல்லாத கீட்ஸ், 1983 மே 6 அன்று மாரடைப்பால் காலமானார். நூல்களின் உரிமைத்தொகை அவர் பெயரிலான அறக்கட்டளைக்குப் போனது. சிறுவயது முதல் உடனிருந்த நண்பர் மார்ட்டின் போப்பும் அவர் மனைவி லில்லியும் அதை முன்னின்று நடத்தினார்கள். 1985-இல் தொடங்கிய எஸ்ரா ஜாக் கீட்ஸ் விருது, இத்துறையில் அப்போதுதான் காலூன்றும் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் தரப்படுகிறது. அரசுப் பள்ளிகளும் பொது நூலகங்களும் விண்ணப்பித்துப் பெறக்கூடிய சிறு நிதியுதவிகளையும் அந்த அறக்கட்டளை வழங்கிவருகிறது. ஒரு வகுப்பு தன் கையால் புத்தகம் செய்யவோ தன் தெருச் சுவரில் ஓவியம் தீட்டவோ தேவைப்படும் தாளும் சாயமும் கத்தரிக்கோலும் அந்தப் பணத்தில் வாங்கப்படுகின்றன.