ஊர் மண்டபத்தில் ஒரு கேலி

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம். அங்கே டன்கெல்ட் என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சிறுவயதில் அந்தப் பெயரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அது எந்த ஊர்ப் பெயர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. படிப்புக்காக ஸ்காட்லாந்து போயிருந்தபோது, பேர்த் நகரிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்ன நிலையத்தின் பலகையில் அதே பெயர். நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. இருந்தும் எழுந்து நின்றுவிட்டேன்.

பிறகு அந்த வட்டாரத்துக்குப் பலமுறை போனேன். ஒருமுறை நான் தங்கியிருந்த வீட்டு அம்மா, "சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் கேலி இருக்கிறது, வாருங்கள்" என்றார். யாரைக் கேலி செய்யப்போகிறார்கள் என்று விழித்தேன். அது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவது என்பதுதான் பழைய பொருள். அந்நாட்டின் மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் குளிர்கால இரவுகளில் ஊரார் ஒரு வீட்டில் கூடி, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கதையும் பாட்டுமாகப் பொழுதைக் கழிப்பார்கள். இன்று அதே சொல் நடன இரவுக்கும் வழங்குகிறது, இப்படிப்பட்ட சிறு கச்சேரிக்கும் வழங்குகிறது.

மண்டபம் நம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைவிட, அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் அறையைவிட, கொஞ்சம் பெரிது. ஐம்பது, அறுபது நாற்காலிகள். மைக் கிடையாது. வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டின். டிக்கெட் காசு அதற்குள். ஃபிடில் வாசிக்க வந்தவர் பகலில் தபால் கொண்டுபோய்க் கொடுப்பவர். பாதிப் பேருக்குக் காலையில் கடிதம் கொடுத்த அதே கை.

ஃபிடில் என்றால் நாம் வயலின் என்கிற அதே வாத்தியந்தான். நான் முன்வரிசையில் இருந்தேன். வில்லுக்கும் என் மூக்குக்கும் நாலடி தூரம். அவர் முதலில் எடுத்தது ஸ்ட்ராத்ஸ்பே. ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரால் வழங்கும் நடன மெட்டு இது. நடை நிதானமானது, ஆனால் ஒரு வெட்டு உண்டு. நிலா, கனா, விழா என்று சொல்லிப் பாருங்கள். குறில் முன்னே, நெடில் பின்னே. இப்போது தாள அடி அந்தக் குறிலின் தலையில் விழட்டும். அந்த வெட்டுத்தான் இந்த இசையின் முகம். வில் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் அதன் மயிரில் தடவியிருந்த பிசின்தூள் விளக்கொளியில் பறந்தது. நிதானமாகப் போய்க்கொண்டிருந்த மெட்டு, மூச்சுவிட இடமில்லாமல் ரீல் என்ற வேகமான மெட்டுக்குத் தாவியது. முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினேன். நான் ஒருவன் மட்டும். இரண்டு மூன்று மெட்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒரே தொடராக வாசிப்பது வழக்கம் என்று பக்கத்து நாற்காலிக்காரர் காதோடு சொன்னார்.

ஒவ்வொரு தொடருக்கும் முன்னால் அந்தத் தபால்காரர் பேசினார். நான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டதே அதைச் சொல்லத்தான். இந்த மெட்டை இன்னாரிடமிருந்து பெற்றேன், அவர் தன் மாமாவிடமிருந்து பெற்றார், அந்த மாமா இரண்டாம் பகுதியைச் சற்று மாற்றி வாசிப்பார், நான் அவர் வழியில் வாசிக்கிறேன் என்று முழு வரலாறும் சொல்லிவிட்டுத்தான் வில்லை வைத்தார். சில சமயம் வரலாறு மெட்டைவிட நீளமாக இருந்தது. யாரும் பொறுமை இழக்கவில்லை. ஒருவர் எழுந்து, "இல்லை, அந்த மாமா உன் ஆளுக்குத் தாய்மாமன் இல்லை, சித்தப்பா" என்று திருத்தினார்.

ஒரு வரலாறு நீல் கோ என்ற பழைய ஃபிடில்காரரிடம் போய் நின்றது. 1727ஆம் ஆண்டு பிறந்தவர்; டன்கெல்டுக்கு எதிர்க்கரையில், டே ஆற்றங்கரையில் உள்ள இன்வர் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். இளம் வயதில் ஒரு போட்டியில் கலந்துகொண்டார். நடுவர் கண் தெரியாதவர். நூறு பேர் வாசித்தாலும் இந்தப் பையனின் வில்லை நான் அடையாளம் கண்டுகொள்வேன் என்று அந்த நடுவர் சொன்னதாகக் கதை. வில்லை மேல்நோக்கித் தள்ளும்போது மற்றவர்களுக்கு ஓசை மெலியும். கோவுக்கு அங்கேதான் வலு. 1787இல் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அவரைத் தேடி வந்து பார்த்தார். என் தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊருக்கு இப்படி ஒரு வாத்தியக்காரர் இருந்தார் என்பது எனக்கு அன்றிரவுதான் தெரியும். கடல் கடந்து பெயர் மட்டும் வந்தது, மெட்டு வரவில்லை.

இடைவேளையில் தேநீரும் வீட்டில் சுட்ட கேக்கும். குலுக்கல் சீட்டும் உண்டு. மண்டபத்துக் கூரைச் செலவுக்கு என்றார்கள். எனக்கு ஒரு போத்தல் மர்மலேட் விழுந்தது.

அடுத்த பகுதியில் ஒருவர் வாத்தியம் எதுவும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பண்ணைக் கூலிகள் பாடிய பாட்டு. திருமணமாகாத ஆண்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் சந்தையில் கூலிக்கு அமர்த்தப்படுவார்கள். பண்ணையில் கல்லால் கட்டிய ஒரு கொட்டிலில் சேர்ந்து தங்குவார்கள். பாட்டில் பண்ணையின் பெயர் வரும், முதலாளியின் பெயர் வரும், சோறு எவ்வளவு மோசம், குதிரை எவ்வளவு கிழடு என்பதும் வரும். எங்கள் மலையகப் பாடல்களில் கங்காணி வாங்கிக் கட்டிக்கொள்வதுபோலத்தான். 1867இல் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் அந்த வடகிழக்குப் பக்கத்தில்தான் பிறந்தார். தொழிலாளி துரையைப் பற்றிப் பாடுவான் என்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பல்லவி வந்ததும் மண்டபம் முழுவதும் பாடியது. பாடகர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார்.

இந்தப் பாட்டுகள் பிழைத்ததற்கு ஒரு காரணம், கேட்டு எழுதிவைத்தவர்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951இல் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு பாட்டுச் சேகரிப்பாளர் ஹேமிஷ் ஹெண்டர்சன், அமெரிக்காவிலிருந்து அதே வேலையாக வந்த ஆலன் லோமாக்ஸுடன் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்தார். 1953இல் அபர்டீனில் ஜீனி ராபர்ட்சன் என்ற பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர் ஊராகத் திரிந்து வாழ்ந்த நாடோடிக் குடும்பத்தில் வந்தவர் அவர். படித்தவர்கள் நூலகத்தில் தேடிய பழங்கதைப் பாட்டுகளை அவர் தன் தாயிடமிருந்து பெற்றுச் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தார். 1968இல் அரசு அவருக்கு விருது கொடுத்தது.

வேறொரு சமயம் எடின்பரோவில், சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு விருந்தோடு நடத்தும் ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். பட்டுக்குஞ்சம், கட்டம்போட்ட பாவாடை, பெரிய பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் என எல்லாம் இருந்தன. வாசித்தவர்கள் கெட்டிக்காரர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மெட்டைக்கூட யாரிடமிருந்து பெற்றோம் என்று சொல்லவில்லை. ஊர் மண்டபத்தில் பெரிய பைப் வாசித்தால் காது தாங்காது. அங்கே வந்தது சிறு பைப். அதற்குக் காற்றை ஊதுவது வாயல்ல, முழங்கைக்கடியில் கட்டிய துருத்தி. வாசித்தவள் பள்ளிக்கூடத்துப் பெண். பாரா தீவில் 1981இல் தொடங்கிய ஃபெய்ஷ் என்ற பயிற்சி முகாம்கள் இன்று பல ஊர்களில் நடக்கின்றன; அவள் அப்படி ஒன்றில் கற்றவள். அவளும் எழுந்து நின்று, தன் ஆசிரியை பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள்.

கச்சேரி முடிந்ததும் எல்லோரும் நாற்காலிகளை மடித்து அடுக்கினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். கண்ணை மூடிப் பாடிய பெரியவர் என் பக்கத்தில் இருந்தார். உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று சொல்லுங்கள் என்றார். கூச்சத்தோடு, கொழுந்து பறிக்கும்போது அப்பாயி பாடும் பாட்டில் நான்கு வரி பாடினேன்.

"யாரிடமிருந்து பெற்றீர்கள்?"

"அப்பாயியிடமிருந்து."

"அவர் யாரிடமிருந்து?"

அப்பாயியின் தாய் சிறுபிள்ளையாகத் திருச்சிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர் என்பது மட்டும் தெரியும். எந்த ஊர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொன்னேன். பெரியவர் தலையசைத்துவிட்டு, இன்னும் இரண்டு நாற்காலிகளை என் கையில் கொடுத்தார்.

நன்றி, வணக்கம்.