பாகம் பழுதில்லை, ராக்கெட் வெடித்தது

அனைவருக்கும் வணக்கம்.

அமைப்புப் பொறியியல் என்றால் என்ன என்று வரையறை சொல்லி ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். சாப்பிட்டு முடித்த நேரம் வேறு. அதனால் ஒரு விபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரு ஏவுதளம். ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டுக்கு அது முதல் பயணம். எஞ்சின் பற்றி 37-ஆவது நொடி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு ராக்கெட் சட்டென்று வளைந்தது, காற்றின் விசை தாங்காமல் உடையத் தொடங்கியது, தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. உள்ளே இருந்த நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின.

எந்தப் பாகம் பழுது? உங்களிடம் விட்டால் எஞ்சினில் தேடுவீர்கள், இணைப்புகளில் தேடுவீர்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது.

ராக்கெட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. அது நின்றுபோனால் கைகொடுக்க அதே மாதிரி இன்னொன்றும் இருந்தது. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். முந்தைய ஏரியான் 4-இல் ஓடி நல்ல பெயர் வாங்கிய மென்பொருள்தான். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் வேலை அதில் இருந்தது. கூட்டல், கழித்தல் குறியோடு எழுதினால் 16 பிட்டில் 32,767-க்கு மேல் இடம் கிடையாது. ஏரியான் 4 போகும் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வாய்ப்பே இல்லை. ஏரியான் 5-இன் பாதை வேறு. அதன் கிடைமட்ட வேகம் தொடக்கத்திலேயே பல மடங்கு விரைவாக ஏறியது. எண் கொள்ளவில்லை. முதலில் மாற்றுக் கருவி நின்றது. அடுத்த கணம், அதே காரணத்தால், முதன்மைக் கருவியும் நின்றது. நிற்கும்போது அது அனுப்பிய பிழைக் குறிப்பை மையக் கணினி உண்மையான பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டது. நடக்கவே நடக்காத ஒரு விலகலைச் சரிசெய்ய நாசில்களை, அதாவது எஞ்சின் வாயு வெளியேறும் முனைகளை, முழு அளவுக்குத் திருப்பியது.

விசாரணைக் குழுவின் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. இப்படி நிரம்பி வழியக்கூடிய மாறிகள் ஏழு என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள், மூன்றை விட்டார்கள். சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கணினியின் வேலைச் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஓர் இலக்கு இருந்தது. அந்த மூன்றும் எல்லைக்குள்தான் இருக்கும் என்று ஆராய்ந்து பார்த்துத்தான் விட்டார்கள். ஏரியான் 4-க்கு அது சரியான முடிவு. பிழை வந்தால் கருவியை நிறுத்தி மாற்றுக்குப் போ என்ற ஏற்பாடும் தற்செயலாகப் பழுதாகும் வன்பொருளுக்குச் சரியானது. ஒரே மென்பொருள் இரண்டிலும் ஒரே மாதிரி தவறும்போது, மாற்று வைத்து என்ன பயன்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கணக்கீடே தரையில் இருக்கும்போது மட்டும் தேவைப்படுவது. கிளம்பிய பிறகும் அது சுமார் 40 நொடிகள் ஓடும்படி வைத்திருந்தது ஏரியான் 4-இன் ஒரு பழைய வசதிக்காக. ஏரியான் 5-க்கு அந்த வசதி தேவைப்படவே இல்லை. கருவிக்கு எழுதிய தேவைப் பட்டியலில் ஏரியான் 5-இன் பாதைத் தரவு சேர்க்கப்படவில்லை.

கருவியைச் செய்தவர்கள் கேட்டதைச் செய்து கொடுத்தார்கள். பாதையைக் கணக்கிட்டவர்கள் சரியாகக் கணக்கிட்டார்கள். இந்தப் பாதையில் அந்தக் கருவி என்ன செய்யும் என்ற கேள்விதான் யார் மேசைக்கும் வரவில்லை. அந்தக் கேள்வியைத் தன் மேசைக்கு இழுத்துக்கொள்வதே அமைப்புப் பொறியாளரின் வேலை. 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரும் இப்படித்தான் தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு அலகில் எண்களைத் தந்தது, இன்னொரு குழு அவற்றை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

சரி, இது பொறியியல். இதற்குப் பின்னால் இருக்கும் சிந்தனைக்கு வருவோம்.

1950-களில் ஜே ஃபாரஸ்டர் என்ற மின்பொறியாளர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆட்கள் ஒரு புதிரோடு அவரிடம் வந்தார்கள். கென்டக்கியில் இருந்த வீட்டுச் சாதன ஆலைகளில் ஒரு சமயம் மூன்று, நான்கு ஷிஃப்ட் ஓடும். சில ஆண்டு கழித்துப் பாதிப் பேருக்கு வேலை போகும். சந்தை அப்படி ஏறி இறங்குகிறது என்பது வழக்கமான விளக்கம். ஃபாரஸ்டருக்கு அது போதவில்லை. ஆட்களை எப்போது சேர்க்கிறீர்கள், கையிருப்பை வைத்து எப்படி முடிவெடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, கையிருப்பு, ஆட்கள், ஆர்டர்கள் என்று பென்சிலால் வாரம் வாரமாகக் கணக்கிட்டார். வெளியிலிருந்து வரும் ஆர்டரை மாறாமல் வைத்தாலும் ஆள் எண்ணிக்கை ஊசலாடியது. ஆட்டம் உள்ளே இருந்தது. அவர்களுடைய வழக்கமான முடிவுகளே அதைச் செய்துகொண்டிருந்தன.

காரணம் தாமதம். குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருப்புகிறீர்கள், சூடு வரவில்லை, இன்னும் திருப்புகிறீர்கள், திடீரென்று கொதிக்கிறது, பதறி முழுவதும் மூடுகிறீர்கள். ஒவ்வொரு திருப்பலும் அந்த நொடிக்கு நியாயமானதுதான். விளைவு வந்து சேரும் நேரத்தைக் கணக்கில் எடுக்காததால் ஊசலாட்டம். ஃபாரஸ்டர் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் வேலை பார்த்தவர். விளைவைப் பார்த்து அடுத்த செயலை மாற்றுவது பின்னூட்டம். அதோடு தாமதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பழக்கம். அதே கண்ணால் ஆலையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்புறம் எல்லை. அமைப்பு எங்கே முடிகிறது என்பது நீங்கள் போடும் கோடு. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டது. கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. இரண்டே நாளில் மூடினார்கள். பாலத்தின் வலிமையில் குறையில்லை. மனிதர் நடக்கும்போது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறார். இடது கால் ஒரு பக்கம் தள்ள, வலது கால் மறுபக்கம் தள்ள, பக்கவாட்டில் நொடிக்கு ஒரு சுற்று உந்துதல் வருகிறது. மிகச் சிறியதுதான். ஆனால் பாலம் கொஞ்சம் ஆடினால் நடப்பவர் விழாமலிருக்கத் தன் நடையை மாற்றிக்கொள்கிறார், அந்த மாற்றம் ஆட்டத்துக்கே தீனி போடுகிறது. பிறகு ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தபோது, பாலத்தின் ஒரு பகுதியில் சுமார் 160 பேர் வரை பெரிதாக ஒன்றும் இல்லை. அதற்கு மேல் கொஞ்சம் பேர் சேர்ந்ததும் ஆட்டம் எகிறியது. எல்லோருடைய காலும் ஒரே தாளத்துக்கு வந்ததாலா, அது இல்லாமலே இப்படி ஆகுமா என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள், அதற்குள் இப்போது போக வேண்டாம். சுமார் 90 அதிர்வுத் தணிப்பான்களைப் பொருத்தி 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். நடப்பவரை வெறும் சுமை என்று கோட்டுக்கு வெளியே வைத்தால் இந்த ஆட்டம் கணக்கில் வராது. அவர் பாலத்துக்குப் பதில் சொல்லும் ஒரு பாகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் 'எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையது' என்று பேச ஆரம்பிப்பார்கள். வெள்ளைப் பலகை முழுக்க அம்புக்குறி போடுவார்கள். எனக்கு அதில் பொறுமை கிடையாது. எந்தத் தொடர்பு வலுவானது, எது எவ்வளவு தாமதமானது, எதை விட்டுவிடலாம் என்று சொல்லாத படத்தால் யாருக்கும் உபயோகமில்லை. எல்லைக் கோடு போட்டே ஆக வேண்டும். போட்டது எங்கே என்று எழுதி வைக்க வேண்டும். ஃபாரஸ்டரின் நோட்டில் அம்புக்குறியோடு எண்களும் இருந்தன.

நீங்கள் செய்யப்போகும் குழுத் திட்டப்பணிக்கு வருகிறேன். வழக்கமாக முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொள்வீர்கள்: ஒருவருக்கு சென்சார், ஒருவருக்கு மோட்டார், ஒருவருக்கு மென்பொருள். கடைசி வாரத்தில் ஒன்றாகச் சேர்ப்பீர்கள். சென்சார் பலகை 5 வோல்ட் அனுப்பும், செயலி 3.3 வோல்ட்தான் தாங்கும். ஒருவர் டிகிரியில் கோணம் அனுப்புவார், மற்றவர் ரேடியன் என்று எடுத்துக்கொள்வார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லோருடைய வேலையும் ஓடும்.

அதனால் பிரிப்பதற்கு முன்னால் ஒரு தாள் எடுங்கள். பாகங்களைப் பெட்டிகளாகப் போட்டு, எது எதோடு பேசுகிறதோ அங்கே கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டின் மேலும் என்ன போகிறது, எந்த அலகில், எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை, நொடிக்கு எத்தனை முறை, வராமல் போனால் என்ன செய்வது என்று எழுதுங்கள். பெட்டிக்கு ஒருவர் பெயர் இருப்பதைப் போலக் கோட்டுக்கும் ஒருவர் பெயர் போடுங்கள். பெரிய திட்டங்களில் இதற்கு இடைமுக ஆவணம் என்று பெயர், நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். உங்களுக்கு ஒரு பக்கம் போதும். பழைய திட்டத்திலிருந்து நிரல் எதையாவது எடுத்துப் போட்டால், அது முன்பு எந்த எண்களுக்குள் ஓடியது என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள்.

அடுத்த வகுப்புக்கு அந்தத் தாளோடு வாருங்கள். பெட்டிகளை நான் பார்க்க மாட்டேன், கோடுகளை மட்டும் பார்ப்பேன். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.