எலும்பு கூடிவிட்டது, கால் ஏன் மடங்கவில்லை? கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபி

[காட்சி: கட்டிலில் நீட்டிய இரண்டு கால்கள். வலது கெண்டைச்சதை இடதைவிட மெலிந்திருக்கிறது.]

வணக்கம். கணுக்கால் உடைந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, மாவுக்கட்டும் பிரித்தாகிவிட்டது. எல்லோரும் தையல் தழும்பைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் கெண்டைச்சதையைப் பாருங்கள். சில வாரம் ஊன்றாமல் இருந்ததற்கே எப்படி வற்றியிருக்கிறது! எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டும். சதை வற்றியதையும் மூட்டு இறுகியதையும் அது காட்டாது. "எலும்பு கூடிடுச்சு, இனி தானா சரியாயிடும்" என்று பிசியோதெரபியை நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். பல மாதம் கழித்தும் அவர்கள் நொண்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதலில் வீக்கம். ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் மாலையானால் கால் வீங்கும். பயப்பட வேண்டாம். படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் கால் நீட்டுவது அந்த அளவுக்குப் பலன் தராது.

ஆனால் ஒன்று. கெண்டைச்சதை திடீரென்று இறுகி, சூடாகி, தொட்டாலே வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து நீவவே கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் தாமதிக்காமல் 108.

[காட்சி: எடை மெஷின் மேல் ஒரு பாதம். வாக்கரைப் பிடித்த கைகள்.]

அடுத்தது கால் ஊன்றுவது. எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலருக்கு ஆறு வாரம் ஆகும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் தள்ளிப்போகலாம். "கொஞ்சம் வெயிட் போடலாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? வீட்டில் இருக்கும் எடை மெஷினை எடுங்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன காலை மட்டும் அதன் மேல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். டாக்டர் 20 கிலோ என்றால் முள் 20-ஐத் தொடும்போது பாதம் எப்படி உணர்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கும்போதும் அந்த அழுத்தம்தான். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, தடி நல்ல கால் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். நம்மில் பலர் மாற்றித்தான் பிடிக்கிறோம்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். கணுக்காலில் கடைசியாகத் திரும்பி வருவதும், வராவிட்டால் அதிகம் படுத்துவதும் ஒரே அசைவுதான்: பாதம் முழங்காலை நோக்கி மேலே மடங்குவது. சமதளத்தில் நடக்கச் சுமார் 10 டிகிரி போதும். படி இறங்க அதைவிட அதிகம் வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் குந்த 30 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டுக்குள் நன்றாக நடக்கிறவர் பஸ் படியில் இறங்கத் தடுமாறுவது அதனால்தான். இறங்கும்போது மேல்படியில் நிற்கும் கால்தான் மடங்கியாக வேண்டும். அது மடங்கும்வரை இறங்கும்போது ஆபரேஷன் ஆன காலை முதலில் வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில்.

[காட்சி: பாதத்தின் முன்பகுதியைச் சுற்றிய துண்டு. இரண்டு முனைகளும் கைகளில்.]

காலை நீட்டி உட்காருங்கள். துண்டை விரல்களில் போடாமல், விரல்களுக்குக் கீழே உள்ள தடித்த பகுதியில் சுற்றி உங்கள் பக்கம் இழுங்கள். முப்பது விநாடி பிடித்து விடுங்கள். கெண்டையில் இழுப்பு தெரிய வேண்டும். அப்புறம் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, மடக்கியபடி இதையே செய்யுங்கள். கெண்டையில் இரண்டு சதைகள். ஒன்று முழங்காலைத் தாண்டி மேலே போகிறது. மற்றது முழங்காலுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. முதல் சதைக்குக் கால் நீட்டி, இரண்டாவதற்கு மடக்கி.

முழு எடையும் ஊன்ற அனுமதி கிடைத்த பிறகு சுவர் சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். எட்டினால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்துங்கள். குதிகால் தூக்காமல் எட்டும் கடைசி இடத்தில் பெருவிரல் நுனிக்குச் சாக்பீஸால் கோடு போடுங்கள். வாரம் ஒருமுறை அளந்தால் போதும். ஒரு சென்டிமீட்டர் கூடினால் கணுக்கால் சுமார் 3.6 டிகிரி கூடுதலாக மடங்கியிருக்கிறது. நல்ல காலையும் அளந்து வையுங்கள். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். கெண்டையில் இழுப்பு வராமல், கணுக்காலுக்கு முன்னால் ஏதோ இடித்து நிற்பதுபோல் இருந்தால் மூட்டுதான் தடுக்கிறது. வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் பிசியோவிடம் காட்டுங்கள்.

வலி பற்றி எல்லோரும் கேட்பார்கள். பயிற்சியின்போது லேசாக வலிக்கும், பரவாயில்லை. மறுநாள் காலையிலும் அந்த வலி குறையவில்லை, வீக்கமும் கூடியிருக்கிறது என்றால் செய்தது அதிகம். அன்று பாதியாகக் குறையுங்கள். அடியோடு விட்டுவிட வேண்டாம்.

[காட்சி: சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால் உயர்த்துதல்.]

பலத்துக்குக் குதிகால் உயர்த்துவதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எழும்பி மெதுவாக இறங்குங்கள். சில வாரம் கழித்து இரண்டு காலால் எழும்பி, ஒற்றைக் காலால் இறங்குங்கள். அப்புறம் முழுக்க ஒற்றைக் கால். இது வந்துவிட்டால் நொண்டல் பெரும்பாலும் போய்விடும்.

பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள், ஒரு கை சுவர் அருகில் இருக்கட்டும். ஸ்கூட்டரை எடுக்கத் துடிப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சிக்னலில் வண்டி சாயும்போது அதன் பாரத்தை ஒரே கால்தான் வாங்கப்போகிறது. அரை நிமிடம் தள்ளாடாமல் நிற்க முடிந்து, திடீர் பிரேக் பிடிக்கவும் கால் வந்து, டாக்டரும் சரி என்று சொல்லும்வரை சாவியை வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.