முதுகுக்குள் ஒரு மின்கம்பி

நேயர்களுக்கு வணக்கம். விடியும் முன்பே கம்பத்திலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டுத் தோட்டங்களுக்குப் போகும் பெண்களை நீங்கள் அறிவீர்கள். ஏலக்காய் தூரை ஒட்டித்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். இங்கே இடுப்பு வலி என்பது மேட்டுக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், நடுவேதனை.

அப்படி ஓர் அம்மா சென்ற மாதம் என்னிடம் வந்தார். கைப்பேசியில் ஒரு வீடியோ. “இந்தக் கம்பியை எனக்கும் வைத்துவிடுங்கள் டாக்டரய்யா” என்றார்.

அவர் காட்டியது தண்டுவடத்தைத் தூண்டும் கருவி. தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, பிட்டத்துக்கு மேலோ வயிற்றிலோ தோலுக்கடியில் பேட்டரியை வைக்கிறோம். பேஸ்மேக்கருக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி மட்டுப்படுகிறதல்லவா? தண்டுவடத்தில் வலியை உள்ளே விடும் ஒரு கதவு உண்டு, தேய்க்கும் உணர்வு அதைச் சாத்திவிடுகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். மின்சாரத்தால் அந்தக் கதவைச் சாத்தப் பார்க்கும் முதல் கருவியை இரண்டே ஆண்டில், 1967இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பொருத்தினார். பழைய வகையில் நொடிக்கு ஐம்பது துடிப்பளவில் மின்சாரம் ஓடும். வலித்த இடத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். புதிய வகை ஒன்றில் நொடிக்கு 10,000 துடிப்பு, ஊர்வதே தெரியாது.

யாருக்கு இது? முதுகில் அறுவை சிகிச்சை செய்தும் தீராமல், காலில் எரிச்சலாக இறங்கும் நரம்பு வலிக்காரர்களுக்குத்தான் பெரும்பாலும். முதலில் ஒரு வாரம்போலப் பேட்டரியை வெளியே வைத்துச் சோதிப்போம். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவோம். செலவு லட்சக்கணக்கில்.

இதனால் பலன் உண்டா என்பதிலேயே சண்டை இருக்கிறது. நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், கருவி பொருத்திய 50 பேருக்கு, எப்போது எது என்று அவர்களுக்குத் தெரியாதபடி, சில மாதம் மின்சாரத்தை ஓடவிட்டும் சில மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: பெரிய வித்தியாசம் இல்லை. துடிப்பை அமைத்த விதமே தவறு என்று மறுப்பவர்களும் உண்டு. என் கட்சி நடுவில்: சிலருக்கு உதவுகிறது, ஆனால் வீடியோ காட்டும் அளவுக்கு அல்ல.

அந்த அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை படுத்தால் வலி பாதியாகிவிடுகிறது. தசை அசந்துபோன வலி அது. கம்பிக்கு அங்கே வேலையில்லை. போதாக்குறைக்கு, பொருத்திய பிறகு சில வாரங்கள் குனியக் கூடாது, சுமை தூக்கக் கூடாது. கம்பி இடம் பெயர்ந்துவிடும். அதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். “குனியாமல் இருக்க முடிந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்?”

முதுகுக்கும் வயிற்றுக்கும் சில பயிற்சிகளைக் காட்டினேன். சீசன் முடியட்டும், செய்கிறேன் என்றார். சரி என்றேன். ஆனால் கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் கசிந்தாலோ, காய் எடுப்பை அப்படியே விட்டுவிட்டு அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.