குழந்தை பிறந்ததும் இரண்டு ஊசிகள்

வணக்கம். முதலில் இந்தத் தாளைப் பாருங்கள். கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் அருகில் பிடிக்கிறேன். கீழிருந்து மூன்றாவது வரி தெரிகிறதா? 'எச்பிஎஸ்ஏஜி: பாசிட்டிவ்'. நான் கருவுற்ற மூன்றாவது மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை இது. ஹெபடைட்டிஸ் பி, அதாவது கல்லீரலைத் தாக்கும் வைரஸ் என் ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். காய்ச்சல் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. பரிசோதனை செய்யாமல் விட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது.

அன்று நான் அழுதது எனக்காக அல்ல. பெரியவர்களுக்கு இது தொற்றினால் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினாலோ, 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரலைச் சுருக்கும், புற்றுநோயிலும் கொண்டுபோய் விடலாம்.

ஆனால் தடுக்க முடியும். எனக்கு வைரஸ் அளவு அதிகம் என்பதால் 28-வது வாரத்திலிருந்து அதைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தார்கள். மகன் பிறந்து, அவனுடைய முதல் அழுகை ஓய்வதற்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம், போட்டார்கள். இரண்டையும் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. அதன்பிறகு மற்றத் தவணைகளையும் ஒன்றுவிடாமல் போட்டோம். ஒரு வயதில் அவன் ரத்தத்தைப் பரிசோதித்தபோது தொற்று இல்லை!

இடையில் வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள்; தாய்ப்பால் கொடுக்காதே என்றார்கள். இரண்டுமே தவறு. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். அதனால் கணவரும் பரிசோதித்துக்கொண்டு தடுப்பூசி போட வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஹெபடைட்டிஸ் ஈ பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது வேறு கதை. அசுத்தமான தண்ணீரால் வருவது. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளிலோ 100-க்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கண் மஞ்சளாகி, வாந்தி நிற்காமல், பேச்சில் தடுமாற்றமும் வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹெபடைட்டிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தவர்களுக்கு ஒன்று. பிரசவத்துக்கு எடுத்துச் செல்லும் பையில் இந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நள்ளிரவில் வலி எடுத்தால், பிரசவ அறையில் இருப்பவர்களுக்கு உங்களை முன்பின் தெரிந்திருக்காது.